மடியும் ஆசனமும்

கல்லூரி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தமிழாசிரியரிடம் கேட்போர், சங்ககாலக் கல்வியைப் பற்றியோ நாவலர் பெருமானின் சைவப் பணியைப் பற்றியோ ஏதேனும் வரும் என்றே எதிர்பார்ப்பர். நாமும் அத்தகைய கட்டுரைகள் சில எழுதியதுண்டு. இம்முறை மலர்க்குழுவினர் பொருளை எம் விருப்பத்துக்கே விட்டமையால், நெடுநாளாக எம் நெஞ்சில் கிடந்து உறுத்தும் ஒன்றைப் பற்றி எழுதத் துணிந்தோம். மோட்டார் வண்டியிலே கைக்குழந்தையை எவ்வாறு இருத்திக்கொண்டு செல்வது என்பதே அது. இலக்கணம் படிப்பிப்பவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். எழுத்துப் பிழை திருத்தும் தொழிலில் இருபது ஆண்டு கழித்தவர்க்கு, கண்ணெதிரே நிகழும் பிற பிழைகளைக் கண்டும் காணாதார்போற் செல்வது இயலாது என்பதே எமது விடை.

யூபிலி விழாவுக்கெனக் கடல் கடந்து வரும் பழைய மாணவர் பலர் இப்பொழுது தனியே வருவதில்லை. மனைவி மக்களோடு வருகின்றனர். சிலர் தவழும் பருவத்துக் குழந்தையோடும் வருகின்றனர். பேரப்பிள்ளையின் முகத்தை அப்பம்மா பார்க்கவேண்டும்; நல்லூரானுக்கு வைத்த நேர்த்தியைத் தீர்க்கவேண்டும்; படித்த வகுப்பறையைப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும். எல்லாம் நல்ல எண்ணங்களே. கட்டுநாயக்காவில் விமானம் இறங்கியதும் முன்னரே ஒழுங்கு செய்த வான் காத்து நிற்கும். முதலிற் பெட்டிகள் ஏறும்; பின்னர் மனிதர் ஏறுவர். புத்தளம், அநுராதபுரம், வவுனியா என ஏறத்தாழ 400 கிலோ மீற்றர் தூரத்தை ஏழெட்டு மணி நேரத்தில், பெரும்பாலும் இரவிலே, அவ்வண்டி ஓடிக் கடக்கும். அத்தனை நேரமும் அக்குழந்தை எங்கே இருக்கும்? தாயின் மடியில் இருக்கும். தாய் அயர்ந்தால் சித்தியின் மடிக்கு மாறும். சித்தியும் அயர்ந்தபின் எவர் பிடியில் இருக்கும் என்பதை யாம் சொல்லவேண்டுவதில்லை.

இதே குடும்பம் இலண்டனிலோ ஸ்காபறோவிலோ சூரிச்சிலோ கடைத்தெருவுக்கு இரண்டு கிலோ மீற்றர் போவதாயினும் குழந்தையை அதற்குரிய ஆசனத்தில் இருத்தி, வாரால் இறுக்கிப் பூட்டிய பின்னரே வண்டியை நகர்த்தும். இங்கிலாந்தில் 2006 முதல் 12 வயது நிறையும்வரை அல்லது 135 சென்ரி மீற்றர் உயரம் வரும்வரை பிள்ளைகளுக்கு உரிய ஆசனம் வேண்டும் என்பது சட்டம். சுவிற்சர்லாந்தில் 2010 முதல் அவ்வளவு 12 வயது அல்லது 150 சென்ரி மீற்றர். கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தை, வண்டியின் பின்புறத்தை நோக்கியவாறே இருத்தப்படவேண்டும். இச்சட்டங்களுக்கெல்லாம் பணிந்து ஒழுகியவர்கள், கட்டுநாயக்காவில் இறங்கியதும் அவற்றைக் கைப்பையிலே மடித்து வைத்துவிடுகின்றனர். சட்டம் கடல் கடந்து வாராது என்பது உண்மையே. ஆனால் குழந்தை கடல் கடந்து வந்திருக்கிறதன்றோ? அதன் கழுத்து அங்கே எப்படியோ இங்கேயும் அப்படியே.

எம்மிடம் படித்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்கு வந்தபோது குழந்தையின் ஆசனத்தையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டே வந்திருந்தார். நாம் மகிழ்ந்து, அது எங்கே என்று கேட்டோம். “வானுக்கு மேலை பெட்டிகளோடை கட்டிக் கிடக்குது, சேர். பின் சீற்றிலை பெல்ற் இல்லை. அம்மாவுக்கும் பிள்ளையை மடியிலை வைச்சிருக்கத்தான் விருப்பம்” என்றார். ஆசனம் கூரைமேலும் குழந்தை மடிமேலுமாக அவர்கள் வந்து சேர்ந்தனர். ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராதவரை மடியினும் சிறந்த ஆசனம் இவ்வுலகில் இல்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். எமது கல்லூரியில் பௌதிகம் படிக்கும் பதினொராம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய கணக்குத்தான். மணிக்கு 50 கிலோ மீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி மரத்திலோ எதிர்வரும் லொறியிலோ மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதற்கு ஒப்பாகும். அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து விழுதல். வேகம் 100 ஆனால் உயரம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். வண்டி நின்றுவிடும், உள்ளிருப்பவை நிற்கா. அவை முன்னைய வேகத்திலேயே முன்னோக்கிச் செல்லும். 10 கிலோ எடையுள்ள குழந்தை 50 கிலோ மீற்றர் வேகத்திலிருந்து ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நிற்கவேண்டுமாயின், அதைப் பிடித்திருக்கும் கைகள் 140 கிலோ பாரத்தைத் தாங்கவேண்டும். இரண்டு நெல்மூட்டையின் பாரம் அது. மோதலோ பெரும்பாலும் அதிலும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்; நேரம் குறையப் பாரம் ஏறும். அன்பினாலோ விழிப்பினாலோ அதைத் தாங்க எந்தத் தாய்க்கும் இயலாது. அவளும் அக்கணத்தில் முன்னோக்கி எறியப்படுவாள் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். அவளுடைய உடலுக்கும் முன்னுள்ள ஆசனத்தின் முதுகுக்கும் இடையே அகப்படுவது குழந்தையே. தாயையும் சேயையும் ஒரே பட்டியாற் கட்டுவது நல்ல உபாயம் என்று கருதுவோர் உளர். அது முன்னையதினும் கொடிது. தாயின் பாரம் முழுவதும் அப்பட்டியோடு சேர்த்துக் குழந்தையை நெரிக்கும்.

ஆசனம் வேண்டும் என்பது இவ்வளவால் விளங்கும். அது ஏன் பின்னோக்கி இருக்கவேண்டும் என்பதே பலர்க்கு விளங்காதது. இதற்கு விடை குழந்தையின் உடலமைப்பிலே உள்ளது. பிறந்த குழந்தையின் தலை அதன் முழு நீளத்தில் நாலில் ஒரு பங்கு. வளர்ந்தவருக்கோ ஏழில் ஒரு பங்கு அளவே. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்து எத்தகையது? வளர்ந்தவரின் கழுத்து முள்ளெலும்பு ஒவ்வொன்றும் முழு எலும்பு. குழந்தைக்கோ அவை தனித்தனித் துண்டுகளாய், இடையிடையே குருத்தெலும்பாற் பொருந்தியிருக்கும். அத்துண்டுகள் ஒன்றாய் இறுகுவது மெல்ல மெல்ல, ஏறத்தாழ மூன்று வயது முதல் ஆறு வயது வரையில் நிகழ்வது. பிணைக்கும் நாண்களும் தளர்ச்சியானவை. ஆதலால் தலை முன்னோக்கி வலிந்து இழுக்கப்படும்போது முள்ளந்தண்டு நீளக்கூடும். அதனுள்ளே செல்லும் நரம்புவடம் அவ்வளவு நீளாது. வெளியே ஒரு காயமும் இன்றி உள்ளே அவ்வடம் அறுந்துபோதல் கூடும்.

எம் முன்னோர் குழந்தையின் கழுத்தைக் கூர்ந்து நோக்கியவர்கள் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் சான்று. செங்கீரைப் பருவம் ஐந்தாம் மாதத்துக்கு உரியது. குழந்தை கையையும் முழந்தாளையும் ஊன்றித் தலையெடுத்து ஆடும் பருவம் அது. தலை நின்றுவிட்டது என்று தாய்மார் மகிழ்வதும் அதையொட்டியே. வருகைப் பருவம் தளர்நடை பயிலும் ஓராண்டளவிலே வருவது. தலை நின்ற குழந்தை, நடக்கவும் தொடங்கிய குழந்தை, இனி முன்னோக்கி இருந்து உலகைப் பார்க்கட்டும் என்று பெற்றோர் எண்ணுவது இயல்பு. ஆனால் தலையை நிமிர்த்தும் தசை வலுத்ததே அன்றி எலும்பு இறுகவில்லை. ஐக்கிய நாடுகளின் 129ஆம் இலக்க ஒழுங்குவிதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. அவ்விதிக்கு அமைந்த ஆசனங்களில், 15 மாதம் நிறையுமுன் குழந்தையை முன்னோக்கி இருத்தலாகாது. வருகைப் பருவமும் கடந்த பின்னரே முன்னோக்க விடுகிறது அவ்விதி. அதுவும் கீழெல்லையே. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தார் 2011இல் இரண்டு வயதுவரை என்றனர். 2018இல் வயதை எடுத்துவிட்டு, ஆசனம் செய்தவர் குறித்த உயரத்தையோ எடையையோ குழந்தை எட்டும்வரை இயன்ற அளவு நெடுங்காலம் பின்னோக்கியே இருத்துக என்றனர். சுவீடன் நாட்டினரோ நான்கு வயதுவரை என்கின்றனர்.

இவ்வாசனம் தோன்றியதும் அந்தச் சுவீடன் நாட்டிலேதான். பேர்ட்டில் ஆல்ட்மன் என்பவர் மருத்துவம் கற்றுப் பின்னர் கோதன்பேர்க் நகரின் சால்மர்ஸ் தொழினுட்பக் கழகத்திலே போக்குவரத்துப் பாதுகாப்புப் பேராசிரியராக விளங்கியவர். 1960களின் முற்பகுதியில் அமெரிக்கர் ஜெமினி விண்கலத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தனர். விண்வெளி வீரர் உடலுக்கு ஏற்ப வடித்த படுக்கையிலே மல்லாந்து கிடப்பதை ஆல்ட்மன் கண்டார். கலம் எழும்போது உண்டாகும் பெரும் அழுத்தம் ஓரிடத்தில் தாக்காது தலை, கழுத்து, முதுகு எங்கும் பரவும்பொருட்டே அவ்வாறு கிடத்தினர். கலம் வேகங்கொள்ளும்போது வீரரின் முதுகு படுக்கையில் அழுந்தும். வண்டி மோதி நிற்கும்போது நிகழ்வது இதன் மறுதலை. ஆகவே குழந்தையைத் திருப்பி வைத்தால், முன்னோக்கி எறியப்படும் அதன் முதுகும் கழுத்தும் தலையும் ஒருங்கே ஆசனத்தின் ஓட்டில் அழுந்தும். தலை மாத்திரம் தனியே இழுபடாது. 1964இல் இத்தகைய மாதிரி ஆசனம் வொல்வோ வண்டியொன்றிலே வைத்துச் சோதிக்கப்பட்டது. 1972இல் அந்நிறுவனமே பின்னோக்கிய ஆசனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுவீடன் குழந்தைகள் வந்த வழியைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்கின்றனர். வண்டி விபத்தில் இறக்கும் சிறு குழந்தைகளின் தொகை மிகக் குறைந்த நாடுகளுள் அது ஒன்று.

இங்கே ஓர் உண்மையை மறையாது கூறவேண்டும். பின்னோக்கிய ஆசனம் முன்னோக்கியதினும் ஐந்து மடங்கு பாதுகாப்பானது என்று ஒரு கூற்று பல துண்டுப் பிரசுரங்களில் உலாவுகிறது. அஃது 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. பிற்காலத்தில் அவ்வெண்களை மீளக் கணித்தபோது, அத்துணை உறுதியாகக் கூறுதற்குப் போதிய தொகை அவற்றில் இல்லை எனக் காணப்பட்டது. ஆய்வும் மீளப் பெறப்பட்டது. இதைக் கொண்டு, பார்த்தீரா, எல்லாம் பொய் என்பார் சிலர். அவர் கூற்று பொருந்தாது. கெட்டது அந்த ஐந்து என்னும் எண்ணே. உடலமைப்பு பற்றிய அறிவும், சோதனைச்சாலை மோதல்களும், சுவீடன் நாட்டின் நெடுநாள் அனுபவமும் கெடவில்லை. அமெரிக்க மருத்துவர்கள் தம் அறிவுரையைத் தளர்த்தாது விட்டதும் அதனாலேதான். நல்ல பொருளுக்குப் பொய்க்கணக்கைத் துணைகொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று.

மடிக்கும் ஆசனத்துக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு, அமெரிக்காவின் தெனெசி மாநிலச் சட்டசபையிலே வெளிப்படையாகவே நடந்தது. றொபேட் சாண்டேர்ஸ் என்னும் குழந்தை மருத்துவர் அங்கே ஒரு மாவட்டத்தின் சுகாதாரப் பகுதித் தலைவராக இருந்தார். அவரும் அவர் மனைவியாரும் சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருவரையும் தேடிச் சென்று வாதாடியதன் பயனாக, நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆசனம் வேண்டும் என்னும் சட்டம் 1977இல் நிறைவேறி, 1978 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் அத்தகைய சட்டத்துள் அதுவே முதலாவது. ஆனால் நிறைவேறுமுன் ஒரு திருத்தம் நுழைந்துவிட்டது. குழந்தையைப் பெரியவர் ஒருவர் கையில் ஏந்தியிருந்தால் ஆசனம் வேண்டியதில்லை என்பதே அத்திருத்தம். தாயின் அரவணைப்பைச் சட்டம் தடுக்கலாமோ என்று உருக்கமாகப் பேசி அதை நுழைத்தனர். சாண்டேர்ஸ் பக்கத்தார் அதற்கு இட்ட பெயர் ‘குழந்தை நசுக்கும் திருத்தம்’ என்பது. பெயர் கொடிதுதான், பொருள் அதனினும் கொடிது. 1981இல் அத்திருத்தம் நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்க மாநிலங்கள் யாவும் ஏதோ ஒரு வகையில் இத்தகைய சட்டத்தை ஏற்றுக்கொண்டன. தெனெசி உறுப்பினர்கள் கல்நெஞ்சர் அல்லர். அவர்கள் கொண்டிருந்தது எம் வீட்டு அப்பம்மாமார் கொண்டிருக்கும் அதே நம்பிக்கை. அந்நம்பிக்கையை நாம் இழிவாகப் பேச முற்படவில்லை. நடந்து செல்லும்போதும், திண்ணையில் இருக்கும்போதும், மாட்டுவண்டியிலே செல்லும்போதும் அது மெய்யாகவே இருந்தது. வேகம் மாறியபோது அது பொய்யாயிற்று, அவ்வளவே.

“எங்களையும் மடியில் வைத்துத்தானே வளர்த்தார்கள்” என்பது அடுத்த வாதம். வைத்து வளர்த்த காலத்து ஒஸ்ரின் வண்டியும் மொறிஸ் மைனரும் ஊர்த்தெருவில் ஓடிய வேகத்தை அறிந்தவர்கள் இம்மலரின் வாசகருள் இன்னும் இருக்கிறார்கள். இன்று கண்டி வீதி செப்பனிடப்பட்டு வழவழவென்று கிடக்கிறது. மீரிகமைக்கும் குருநாகலுக்கும் இடையே 2022இல் திறந்த அதிவேக வீதியில் மணிக்கு 100 கிலோ மீற்றர் ஓடலாம். இரவு முழுவதும் ஓட்டி விடியுமுன் திரும்பிச் செல்ல விரும்பும் சாரதியின் கண்கள் முறிகண்டி அளவில் எப்படி இருக்கும் என்பதையும் பயணம் செய்தோர் அறிவர். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்படுவது நல்ல வழக்கம், நாமும் உடைக்கிறோம், உடைத்தபின் சாரதிக்கு ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து அரைமணி நேரம் இருக்கச் செய்கிறோம்.

குழந்தையின் கால் மடங்கி வருந்துமே என்பர். குழந்தைகள் வீட்டிலே சப்பாணி இட்டும் காலை மடித்தும் மணிக்கணக்காக இருப்பதைப் பார்த்துக்கொண்டே இவ்வாறு கூறுவது வியப்பு. கால் முறிந்தாலும் பொருந்தும், கழுத்து அவ்வாறன்று. பின்புறமிருந்து வேறு வண்டி வந்து மோதினால் என் செய்வது என்பது இதனினும் சிந்தனையுள்ள வினா. இரண்டு வண்டிகளும் ஒரே திசையில் ஓடும்போது மோதலின் வேகம் அவ்விரண்டின் வேறுபாடு மாத்திரமே. எதிரெதிரே மோதும்போதோ இரண்டும் கூடும். கொடிய விபத்துக்கள் பெரும்பாலும் முன்புறத்தில் நிகழ்வன. பிள்ளை அழுமே என்பதற்கு எம்மிடம் விடை இல்லை. அழும். எமது வகுப்பிலே புணர்ச்சி விதி படிக்கும்போதும் சிலர் அவ்வாறே இருக்கின்றனர்.

ஆசனம் இருந்தும் அதைத் தவறாக வைப்பதால் வரும் கேடுகளும் உள. முதன்மையானது முன் ஆசனத்தில் வைப்பது. யப்பானிலிருந்து வரும் வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் காற்றுப் பை உண்டு. மோதலின்போது அது ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்தில் வெடித்து விரியும். பின்னோக்கிய ஆசனம் அதன் முன்னே இருந்தால், அப்பை ஆசனத்தின் முதுகை, அதாவது குழந்தையின் தலைக்கு நேர் பின்புறத்தை, அறையும். 1990களில் அமெரிக்காவில் இவ்வாறு கைக்குழந்தைகள் இறந்ததுண்டு. மோதல் சிறிதாயிருந்தும் இறந்தன. ஆகவே பின்வரிசையே இடம். வார்கள் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுத் தாழவோ வெளிப்படவேண்டும். விரல்களாற் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு அகப்படாத அளவு இறுகவேண்டும். பிறந்து சில மாதமே ஆனதாயின் ஆசனம் போதிய அளவு சாய்ந்திருக்கவேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை முன்னே கவிழ்ந்து மூச்சு முட்டும். இக்காரணத்தாலேயே சிறு குழந்தையை நெடுநேரம் தொடர்ச்சியாக ஆசனத்தில் விடலாகாது என்றும், இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்துக் கிடத்துக என்றும் அறிவுறுத்துவர். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மூன்று நிறுத்தம் என்று வைத்துக்கொண்டால் சாரதிக்கும் அது நல்லது. எமது வெயிலுக்கென ஒரு குறிப்பு: நிழலின்றி நிறுத்திய வண்டியில் ஆசனத்தின் உலோகப் பூட்டு குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். ஒரு துவாயைப் போர்த்து வைத்தாற் போதும்.

இவை யாவும் வண்டி அமர்த்தப் பொருளுள்ளவர்க்கே உரிய பேச்சு என்று ஒருவர் குறுக்கிடுவது எம் காதில் விழுகிறது. மெய். எமது ஊரிலே குழந்தைகள் பெரும்பாலும் செல்வது மோட்டார் சைக்கிளில். தந்தை ஓட்ட, பெற்றோல் தாங்கியின்மேல் ஒன்றும் தாயின் மடியில் ஒன்றுமாகச் செல்வதைக் காலையும் மாலையும் கல்லூரி வாயிலிற் காண்கிறோம். அவர்களுக்கு இக்கட்டுரை பயன்படாது. பயன்படும் வேறொன்றை எழுதத் தக்கவர் வேண்டும். இங்கே நாம் பேசுவது வானுக்குப் பல்லாயிரம் ரூபா கொடுக்க இயன்றவர்களைப் பற்றி. தம் வீட்டில் ஆசனம் உள்ளவர்களைப் பற்றி. அதன் பயனை அறிந்தும் ஓர் இரவு தானே என்று விடுபவர்களைப் பற்றி. இந்நாட்டில் 2011இலேயே சாரதியும் முன்னாசனத்தில் இருப்பவரும் பட்டி அணியவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அன்று முணுமுணுத்தவர்கள் இன்று வண்டியில் ஏறியதும் கையைத் தோளுக்குக் கொண்டுபோகிறார்கள். பழக்கம் வருவதற்குப் பத்து ஆண்டு வேண்டியதில்லை. இங்கிலாந்துச் சட்டமோ தான் இவ்வளவு கடுமையாயிருந்தும், வாடகைக் காரில் ஆசனம் இல்லாவிடின் குழந்தை பின்வரிசையில் அஃதின்றிச் செல்லலாம் என்று வழி விட்டிருக்கிறது. சட்டம் எங்கும் ஓரிடத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் போலும்.

எனவே பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். யூபிலி நிதியிலே வளைவு கட்டுவது பற்றியும், விழா மண்டபத்துக்கு மின்விசிறி வாங்குவது பற்றியும் பேச்சு நடக்கிறது. அவை நடக்கட்டும். அந்நிதியிலே ஒரு சிறு பங்கைக் கொண்டு நான்கைந்து பின்னோக்கிய ஆசனங்களை வாங்கி, ஊருக்கு வரும் குடும்பங்களுக்கு இரவலாகக் கொடுக்கும் ஒழுங்கு ஒன்றைச் செய்தால் என்ன? இஃது எம் மூளையில் உதித்த புதுமை அன்று. சுவீடனிலும் நியூசிலாந்திலும் 1980களிலே குழந்தை ஆசனங்களை இரவலுக்கும் குறைந்த வாடகைக்கும் கொடுத்தே இவ்வழக்கத்தைப் பரப்பினர். குழந்தை ஓர் ஆசனத்தைச் சில காலமே பாவிக்கும். ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே வாங்கவேண்டும் என்பதில்லை. கொழும்பிலே இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் இரண்டும் கல்லூரியில் எஞ்சியவையும் வைத்திருந்தால், கட்டுநாயக்காவுக்குச் செல்லும் வான் அதை ஏற்றிக்கொண்டே போகலாம். கொண்டுவரக் கூடியவர் தமதையே கொண்டு வரட்டும். பல விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் கட்டணம் அறவிடுவதில்லை.

வான் சொந்தமாக வைத்துத் தொழில் செய்யும் பழைய மாணவர் பலர் உளர். அவர்களிடமும் ஒன்று கேட்கவேண்டியிருக்கிறது. உங்கள் வண்டியின் பின்வரிசைப் பட்டிகளைத் தேடிப் பாருங்கள். பல வண்டிகளில் அவை இல்லாமற் போகவில்லை. அழகுக்காகப் போட்ட ஆசன உறைக்குள் பூட்டுகள் புதைந்து கிடக்கின்றன. இடுப்புக்கும் தோளுக்குமாக மூன்றிடத்திற் பொருந்தும் பட்டி ஓர் ஆசனத்துக்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் ஆசனங்கள் பலவற்றுக்கு அதுவே வேண்டும். அத்தகைய பட்டியை 1959இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்தபோது, பிற நிறுவனங்களும் தடையின்றிப் பயன்படுத்துமாறு உரிமையைத் திறந்துவிட்டனர். அவ்வாறு உலகுக்கு வழங்கப்பட்ட ஒன்று எம் வண்டிகளில் உறைக்குள் கிடப்பது முறையன்று. குழந்தை ஆசனம் பூட்டத்தக்க வான் என்று சொல்லி வாடகையிற் சிறிது கூட்டிக் கேட்டாலும், தாய்மார் மறுக்கமாட்டார் என்றே எண்ணுகிறோம்.

இரவல் ஒழுங்கிலே கவனிக்கவேண்டியவை சில. ஆசனத்துக்கும் ஆயுள் உண்டு. பிளாத்திக்கு வெயிலில் முதிரும். செய்த ஆண்டு அதன் அடியிலோ பக்கத்திலோ பொறிக்கப்பட்டிருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் செய்தவற்றில் முடிவு நாளும் இருக்கும். பெட்டியோடு வந்த கைந்நூல் தொலையாமற் பேணப்படவேண்டும். அதன் தமிழாக்கத்தை நாம் செய்து தருவோம். நூலகத்துப் புத்தகம் போலவே பெயரும் நாளும் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். திருப்பித் தரும்போது ஒரேயொரு வினாவுக்கு ஒளியாது விடை எழுதவேண்டும்: வண்டி எங்காவது மோதியதா? மோதியது என்றால் அவ்வாசனம் மறுபடி இரவல் போகலாகாது. கீறல் ஒன்றும் வெளியே தெரியாவிட்டாலும் போகலாகாது. எறிவதாயின் அதன் வார்களை முதலில் அறுத்துவிடவேண்டும். இல்லையெனில் யாரேனும் எடுத்துக் கழுவித் துடைத்து மீண்டும் பாவிப்பர். இரவற் புத்தகத்தைப் பொறுப்பேற்று எழுத ஆள் இல்லை என்று சங்கத்தார் தயங்குவாராயின், சனிக்கிழமை காலைகளில் நாம் கல்லூரியில் இருப்போம்.